நம் பாட்டன் பெயர் எந்தப் புத்தகத்தில்?

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பண்ணையார் வீட்டில் வம்சாவளி கேட்டால் ஏழு தலைமுறை சொல்வார்கள். பட்டாவில் இருக்கிறது, கோயில் கல்லில் இருக்கிறது. நாமோ பாட்டன் பெயரோடு நின்றுவிடுகிறோம். நமக்கு மட்டும் முன்னோர் இல்லாமலா போனார்கள்?

அமெரிக்காவில் பிரடெரிக் டக்ளஸ் என்றொரு கறுப்பினத் தலைவர் இருந்தார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1895இல் சாகும் வரை தம் பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. 1817 என்று எண்ணியிருந்தார். பிற்காலத்தில் டிக்சன் பிரஸ்டன் என்ற பத்திரிகையாளர் அவர் பூர்வீகத்தைத் தேடினார். எங்கே கிடைத்தது தெரியுமா? எஜமான் ஆரன் அந்தோணியின் கணக்குப் புத்தகத்தில்! ஹேரியட்டின் மகன், 1818 பிப்ரவரி என்று பதிந்திருந்தது. 1774இல் பிறந்த பாட்டி பெட்சியும் அந்தக் கணக்கில் இருந்தாள்.

தாய் பெயரை ஏன் எழுதினான்? பாசத்தால் அல்ல. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அங்கே சட்டம். பசு யாருடையதோ கன்றும் அவனுடையது! தகப்பன் ஒரு வெள்ளைக்காரன் என்பதற்கு மேல் டக்ளஸுக்கு எதுவும் தெரியாது.

இது எங்கோ நடந்த கதை என்று இருந்துவிடாதீர்கள். 1860 அக்டோபர் 12இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16இல் 342 பேரை நேட்டாலின் டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டு மாதம் பத்து ஷில்லிங் கூலி. 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகவே. அன்று திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லா. அதுவும் ஆள் பிடித்த ஜில்லாதான்.

ஆளுக்கொரு நம்பர் போட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதினார்கள். தழும்பு எதற்கு? ஆளை அடையாளம் காண! தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. இன்று அவர்கள் வாரிசுகள் அந்த நம்பரை வைத்தே பூர்வீகம் தேடுகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய கிராமப் பெயரைப் பார்த்து, எந்த ஊரென்று தெரியாமல் திகைக்கிறார்கள். அங்கே தாய் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இல்லை. இங்கே தகப்பன் பெயர் இருக்கிறது, தாய் பெயர் தொலைந்தது. எழுதியவனுக்கு எது தேவையோ அது!

சரி, சிப்காட்டுக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் மூலம் உள்ளே போகும் உங்களில் எத்தனை பேர் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறது? திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிய கணவன் பெயர் மேஸ்திரி நோட்டில் உண்டு. கூடவே கல் அறுக்கும் மனைவி பெயர் கிடையாது. மாநிலம் விட்டு வருவோருக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டுமென்று 1979இலேயே சட்டம் வந்தது. நாங்கள் கேட்டவரை, அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஆகவே சங்கத்தில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். உங்கள் பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த தேதி, ஒப்பந்தக்காரர் பெயர் இவற்றை எழுதுகிறோம். ஜாதிக்குக் கட்டம் கிடையாது. மெஷினில் கை போய் நஷ்டஈடு கேட்கும்போது, 'இந்த ஆளை எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்பார்கள். அன்றைக்கு இந்த நோட்டு வேண்டும். ஞாயிறு காலை வாருங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். ஒடியா தெரிந்த தோழர் ஒருவரும் இருப்பார்.