தீக்குக் கடிவாளம்
ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வீசுகையில், செம்புப் பாய்லரில் சிராயும் சிரட்டையும் இட்டு வெந்நீர் காய்ச்சிய தாய்மார்கள் ஒரு சூட்சுமத்தை அறிந்திருந்தார்கள்: தீக்குக் கடிவாளம் காற்றே. அடிவாயைத் திறந்தால் ஜ்வாலை எழும். சற்றே மூடினால் தணியும்.

குளிர் தேசங்களில் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பிலும் இதே தத்துவந்தான்; சிலவற்றில் ஈருலோகச் சுருளொன்று, உஷ்ணம் ஏற ஏற வளைந்து, காற்றுக் கதவைத் தானாகவே மூடிவிடுகிறது. ஆம், கடிவாளம் காற்றே.

ஆனால் ஈர விறகுக்கு எந்த யந்திரமும் உதவாது. நீரை ஆவியாக்குவதிலேயே உஷ்ணம் விரயமாகி, புகையே மிஞ்சும். ஆகவே சாரலுக்கு முன்பே விறகைப் பிளந்து, வெயிலில் உலர்த்தி, கூரையடியில் அடுக்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: மூடிய அறையில் கரிக்கணப்பு வைத்து உறங்காதீர்கள். அதிலிருந்து எழும் மணமற்ற விஷவாயு உயிரைக் குடித்துவிடும். படுக்குமுன் கணப்பை வெளியேற்றிச் சாளரத்தைத் திறந்து வையுங்கள்.