குடலும் சிறுநீரகமும் இதயமும்



என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், சிறுநீரகம் பழுதுற்று, வாரம் மும்முறை டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வந்தார். ஒரு நாள் விடியற்காலையில் அவர் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி கிடைத்தது. துக்கம் விசாரிக்கச் சென்றபோது, மேல்நிலை வகுப்பில் பயிலும் அவருடைய பேத்தி, "தாத்தாவுக்குக் கெட்டது சிறுநீரகம், நின்றது இதயம். இது எப்படி ஐயா?" என்று வினவினாள். என்னிடம் விடையில்லை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் ஒரு மாணவியின் கேள்விக்கு விடையின்றித் திரும்புவது எளிதன்று. அதன்பின் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்ததை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

சிறுநீரகம் கெட்டவர்களில் மிகப் பலர் இதய நோயாலேயே உயிரிழக்கின்றனர். உயர்ந்த இரத்த அழுத்தம், உடலில் தேங்கும் உப்பும் நீரும், நாளங்களில் படியும் சுண்ணாம்புச் சத்து என அதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு அறிவியலார் இன்று ஆராய்ந்துவரும் மற்றொன்று, நமது குடல்.

சிறுநீரகம் இரத்தத்தைத் தூய்மை செய்வது இரண்டு வகையில். ஒன்று வடிகட்டுதல். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் வடிந்து, அதன் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தையே சேருகிறது. மற்றொன்று பொறுக்கி எடுத்தல். அரிசியைச் சல்லடையில் சலித்தால் குருணை விழும்; அரிசியளவே உள்ள கல் விழாது. அதனை முறத்திலிட்டுக் கையால்தான் பொறுக்க வேண்டும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் அவ்வாறே சில நச்சுப் பொருள்களைப் பொறுக்கிச் சிறுநீரில் சேர்க்கின்றன.

அந்நச்சுக்கள் எங்கே பிறக்கின்றன? உணவுப் புரதத்தில் டிரிப்டோபன் என்னும் கூறு உண்டு. செரிக்காது பெருங்குடலை அடையும் பகுதியை அங்கு வாழும் பாக்டீரியாக்கள் சிதைத்து இண்டோல் ஆக்குகின்றன. கல்லீரல் அதனை இண்டாக்சில் சல்பேட்டாக மாற்றுகிறது. இப்பொருள் ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டே திரிவது. டயாலிசிஸ் கருவியோ ஒரு சல்லடை. அது யூரியாவை நன்கு வெளியேற்றும். ஆல்புமினைப் பற்றிய நச்சை அவ்வளவாக வெளியேற்ற வல்லதன்று. தேங்கும் நச்சு இரத்த நாளங்களின் உட்சுவரையும், எஞ்சிய சிறுநீரகத் திசுவையும் ஊறுபடுத்துவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

பிறப்பிடம் குடல்தான் என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், டயாலிசிஸ் செய்துகொள்வோருள் பெருங்குடல் உள்ளவர்களையும், அறுவையில் அதை இழந்தவர்களையும் ஒப்பிட்டனர். பெருங்குடல் இல்லாதோர் இரத்தத்தில் இண்டாக்சில் சல்பேட் ஏறக்குறைய இல்லை!

தீங்கு இருவழிப்பட்டது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் மிகும் யூரியா குடலுக்குள் கசிகிறது. பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்க, குடற்சுவர் நலிகிறது. நச்சு இரத்தத்திற்குள் நுழைய வழி மேலும் எளிதாகிறது.

"அப்படியானால் குடலிலேயே நச்சைத் தடுத்துவிடலாமே!" என்பீர்கள். ஜப்பானியர் அவ்வாறே எண்ணினர். இண்டோலை உறிஞ்சும் ஒருவகைக் கரி மருந்து அங்கே 1991 முதல் வழக்கில் உள்ளது. ஆயினும் பல நாடுகளில் சுமார் 2,000 நோயாளிகளிடம் நடத்திய பெருஞ்சோதனைகளின் முடிவு 2015இல் வெளியானபோது, அம்மருந்து நோயின் போக்கைத் தடுத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. நச்சு மிகுந்தவரிடம் இதய நோயும் மிகுதி என்பது ஓர் உண்மை. நச்சைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்பது வேறொரு கூற்று. அதற்குத் தனிச் சான்று வேண்டும். இவ்வேறுபாட்டை அறிவதே அறிவியற் கல்வியின் பயன்.

நார்ச்சத்துள்ள உணவு இந்நச்சுக்களில் சிலவற்றைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் காய்கனி பலவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோர் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றுதல் ஆபத்து. மற்றையோர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து காப்பதும், வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணாதிருப்பதும் ஐயத்திற்கிடமின்றி நன்மை தருவன.

சென்ற மாதம் அப்பெண்ணைக் கண்டு இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "கரி மருந்து ஏன் பயன்படவில்லை ஐயா?" என்றாள். இம்முறை விடையின்றித் திரும்பியதில் எனக்கு வருத்தமில்லை. அக்கேள்வி இனி அவளுடையது, உங்களுடையதும்கூட.