முடிச்சுக்குள் ஒரு பேரினம்

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து அகேசியா மரங்களில், இலையாகவே தோன்றும் தட்டையான காம்பை ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள இலைப்பேன் உறிஞ்ச, திசு வீங்கிப் பூச்சியைச் சுற்றி மூடிக்கொள்ளும் அறையே முடிச்சு எனப்படுகிறது. அதற்குள் அடைபட்ட தாய் குடும்பம் பெருக்க, சில இனங்களில் தடித்த முன்கால்களும் குறுஞ்சிறகுகளும் கொண்ட பிள்ளைகள் காவல் நின்று, முடிச்சைப் பறிக்க வரும் வேற்று இலைப்பேனைப் பற்றிக் கொல்கின்றன என்று 1992இல் உயிரியலாளர் பெர்னார்ட் கிரெஸ்பி வெளியிட்ட செய்தி வியப்பிலும் வியப்பு. இவற்றைப் பேரினமாக, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியாக, வகுப்போர் உணர்கொம்புக் கணுக்களையும் குழல் போன்ற வயிற்று நுனியையும் நுண்ணோக்கியில் ஒப்பிடுகின்றனர். ஆனால் ஒரே இனத்திலேயே காவலரும் தாயும் வெவ்வேறு உருவினர் என்பதால், தோற்றத்தை மட்டும் நம்பலாகாது. இந்த இலைப்பேன்களில் ஆங்கோத்ரிப்ஸ் என்று தனிப் பேரினமாகக் கொள்ளப்பட்டவை பின்னர் கிளாடோத்ரிப்ஸ் பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டன.