திடல் போனது, திரை வந்தது

(தோட்டப்புற இளையோரும் கைப்பேசி விளையாட்டும் என்னும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசி விளையாட்டு தோட்டப்புறப் பிள்ளைகளைக் கெடுக்கிறதா? இதுதான் இன்றைய அரங்கின் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பகாவ், ரந்தாவ், லாபு, கெமஞ்சே என நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கத்துப் பெற்றோரைக் கேட்டாலும் பெரும்பாலும் அந்தப் பதில்தான் வரும். ஆனால், பிள்ளை ஏன் திரைக்குள் போனான் என்பதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

தோட்டத்திற்குப் புதிதாக எது வந்தாலும், கூடவே பயமும் வந்திருக்கிறது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், ‘படம் பார்த்தே பையன்கள் கெட்டுப்போகிறார்கள்’ என்றார்கள். 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. போகப் போக லயத்துக் கூரைகளிலும் வட்டத் தட்டுகள் முளைத்தன. 2000ஆம் ஆண்டுகளில் பட்டணத்து சைபர் கஃபேக்களில் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ துப்பாக்கிச் சத்தம். ஒவ்வொரு முறையும் ‘தலைமுறையே போச்சு’ என்ற புலம்பல். தலைமுறை போய்விடவில்லை. அந்தப் பையன்களே இன்று அப்பாக்களாகி, அதே புலம்பலைத் தொடர்கிறார்கள்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆலயம், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மண்டபம், ஒரு திடல். பால்மரம் வெட்டிய களைப்பையும் மீறி, மாலை ஐந்து மணிக்குத் திடலில் பந்து உருளும். இந்தத் தோட்டத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் போட்டி என்றால் லாரி பிடித்துக்கொண்டு போவார்கள். பையன் எங்கே என்று தாய் தேட வேண்டியதில்லை. திடலில் இருப்பான், அவனைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. ‘பண்டார் என்ஸ்டெக்’, ‘செண்டாயான் டெக்வேலி’ என்று பெயரிலேயே தொழில்நுட்பத்தைச் சுமக்கும் இடங்கள் வந்தன. பாட்டாளிக் குடும்பங்கள் பல மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. இன்று பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில்தான் ‘லாடாங்’ இருக்கிறது. சுற்றிப் பார்த்தால் தோட்டத்தைக் காணோம். இன்னும் செம்பனை நிற்கும் தோட்டங்களிலோ வேலையாட்களில் பலர் வெளிநாட்டவர். தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில்தான் விளையாட்டு வந்து நின்றது. 2016இல் வெளியான ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். 2017இல் சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் ‘ஃபிரீ ஃபயர்’ விளையாட்டை வெளியிட்டது. குறைந்த விலைக் கைப்பேசியிலும் ஓடக்கூடியது அது. திடலில் பதினொரு பேர் சேராத தோட்டத்துப் பையனுக்குத் திரையில் ஒரு குழு கிடைத்துவிட்டது. ஒருவன் தம்பினில், ஒருவன் சுங்கை சிப்புட்டில், ஒருவன் ஜொகூரில். அவன் தேடிப் போனது துப்பாக்கியையும் வாளையும் அல்ல, கூட்டாளிகளை. இதைப் புரிந்துகொள்ளாமல் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினால், அவனிடம் மிச்சமிருந்த கூட்டத்தையும் சேர்த்துப் பூட்டியதாகவே அவனுக்குத் தோன்றும்.

அந்தக் கைப்பேசி வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளி மூடியது, பாடம் கைப்பேசிக்கு வந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகள் உண்டு. அலைவரிசை தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளும் உண்டு. அரசாங்கம் ‘செர்டிக்’ திட்டத்தின் கீழ் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி போன்ற கருவிகளை வழங்க முன்வந்தது. சிரமப்பட்டுத் தவணையில் கைப்பேசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனையோ பேர். பாடத்துக்கு வாங்கிய கருவியில் பாடம் முடிந்த பிறகு விளையாட்டு வந்து உட்கார்ந்தது. இதில் பிள்ளையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

ஆனால், திடலுக்கும் திரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. திடலில் ஆட நுழைவுக் கட்டணம் கிடையாது. திரையிலும் இலவசம் என்றுதான் எழுதியிருக்கும்; பிறகுதான் கணக்கு தொடங்கும். கதாபாத்திரத்துக்குப் புதுச் சட்டை வேண்டும். அதை வாங்க ‘வைரம்’ வேண்டும். வைரம் வாங்கப் பணம் வேண்டும். சில பொருள்கள் நேரடி விலைக்குக் கிடைக்காது, குலுக்கலில்தான் கிடைக்கும். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் இன்னொரு முறை. நான்கு நம்பர் கடையில் சிறுவனுக்குச் சீட்டு விற்க மாட்டார்கள். அதே ஆசையை இங்கே சட்டை என்ற பெயரில் விற்கிறார்கள். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று மின்பணப்பையிலிருந்து கரைவது, மாதக் கடைசியில் அப்பா கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எல்லாப் பிள்ளைகளும் அடிமைகளா? இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை. மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிவிடுதல். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்தல். இவற்றால் வாழ்க்கையே பாதிக்கப்பட வேண்டும். அதுவும் பொதுவாக ஓராண்டுக்காவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது அந்த வரையறை. பள்ளிக்கு ஒழுங்காகப் போய், வீட்டில் வாய்விட்டுப் பேசி, இரவில் ஓர் ஆட்டம் ஆடும் பையனை நோயாளி என்று திட்டுவது தவறு. பள்ளியை விட்டு, சோற்றை விட்டு, தூக்கத்தையும் விட்டவனை ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடுவது அதைவிடத் தவறு.

விளையாட்டில் சம்பாதிக்கலாமே என்கிறான் பையன். உண்மைதான். 2024இல் மலேசியாவின் ‘சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ்’ குழு, சவூதி அரேபியாவின் ரியாத்தில் மொபைல் லெஜெண்ட்ஸ் பட்டத்தை வென்றது. பையனின் கனவை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால், ஊரெல்லாம் பந்து உதைத்தாலும் தேசியக் குழுவில் பதினொருவருக்குத்தான் இடம் என்ற கணக்கை அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட நல்ல கனவும் ஒன்று உண்டு. தோட்டத்து மக்களுக்குத் தொழில்நுட்பம் புதிதல்ல. சிரம்பான், செனாவாங் மின்னியல் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியற்காலையில் தோட்ட வாசலில் வந்து நின்ற காலம் முதலே, அக்காமார்களும் அம்மாமார்களும் சில்லுகளையும் தொலைக்காட்சிப் பாகங்களையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். உழைத்த கை இவர்களுடையது. வரைந்த திட்டம் வேறொருவருடையது. அந்த நிலை மாற வேண்டும்.

மாற முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழுக்காக ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். 2005இல் ‘செல்லினம்’ வழி கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார். ஆப்பிள் கருவிகளில் அவர் உருவாக்கிய தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பையன் தமிழில் ஒரு செய்தி தட்டும்போது, அதன் பின்னால் ஒரு மலேசியத் தமிழரின் உழைப்பு இருக்கிறது. இதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே பெற்றோருக்குச் சில சொற்கள். நிமிடத்தை எண்ணாதீர்கள், ஆட்டத்தை எண்ணுங்கள். மொபைல் லெஜெண்ட்ஸில் ஓர் ஆட்டம் சுமார் பதினைந்து நிமிடம். பாதியில் எழுந்தால் மற்ற நான்கு பேரும் தோற்பார்கள். ‘இரும்மா, இது முடியட்டும்’ என்று அவன் சொல்வது எப்போதும் திமிர் அல்ல. ‘ரெண்டு ஆட்டம்தான்’ என்று முன்கூட்டியே பேசிவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். கடவுச்சொல்லும் மின்பணப்பையும் பெரியவர் கையில் இருக்கட்டும். அவன் யாருடன் ஆடுகிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 2022இல் இணைய விளம்பரத்தை நம்பி, கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் மலேசிய இளைஞர்கள் சிக்கிய செய்தி வந்ததே. முகம் தெரியாத நட்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வீட்டில்தான் பேச வேண்டும். மோசடியில் பணம் போனால், நேரம் கடத்தாமல் 997 எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆலயங்களுக்கும் பொது இயக்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. திருவிழாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வாரம் ஒருமுறை மண்டபத்தில் நான்கு கணினிகளை வைத்து, நிரல் எழுதச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்திலேயே ஒரு பந்தையும் உருட்டி விடுங்கள். பிள்ளைகள் வருவார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் பிள்ளை போகும். அன்று திடலில் இருந்தது, இன்று திரையில் இருக்கிறது. அதை மறுபடியும் கூட்ட வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.