வேலையும் வடிவமைப்புப் படிப்பும்
(ஒரு தொழிலாளர் படிப்பகத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று எனக்கு ஏற்பாடு செய்யப்பட்ட விஷயம், டிசைன் மானேஜ்மெண்ட் என்று சொல்லப்படுகிற வடிவமைப்பு நிர்வாகப் படிப்பைப் பற்றியதாகும். உத்தியோகத்தில் இருந்துகொண்டே இந்த மேல்பட்டத்திற்குப் படிக்கலாமா, படித்தால் பயன் உண்டா, அல்லது பணத்தையும் பொழுதையும் பாழாக்கிக் கொள்ளுவதாக முடியுமா என்று உங்களில் சில வாலிபர்களும் இரண்டு பெண் தோழர்களும் என்னைக் கேட்டார்கள். தனித்தனியாய்ப் பதில் சொல்லுவதைவிடக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் ஆக்ஷேபணை உள்ளவர்களும் எழுந்து கேட்க வசதியாயிருக்குமென்று நினைத்தேன். நான் இந்தப் பட்டம் வாங்கினவனல்ல. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஆதலால் நான் சொல்லுவதை உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

முதலில், வடிவமைப்பு என்றால் பூவேலை செய்வதும் வர்ணம் தீட்டுவதுமென்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. ஒரு சாமானோ, ஒரு பாரமோ, ஒரு கட்டடமோ யாருக்கு, எதற்கு, எப்படிப் பயன்பட வேண்டுமென்பதை முன்கூட்டி யோசித்துத் தீர்மானிப்பதுதான் வடிவமைப்பு. அந்த யோசனையை ஒரு ஸ்தாபனத்துக்குள் யார் செய்வது, எவ்வளவு செலவில் செய்வது, சரியாய் வந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது, தப்பானால் யார் பொறுப்பு என்கிற ஏற்பாடுதான் அதன் நிர்வாகம்.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்லுகிறேன். நான் வேலை பார்த்த அச்சுக்கூடத்துக்கு ஒரு ஆபீசிலிருந்து மனுப் பாரம் அச்சடிக்க வந்தது. பெயர் எழுத விட்டிருந்த இடமோ இரண்டு அங்குலம். நம் ஜனங்கள் தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதுகிறவர்கள். பத்தாயிரம் பாரமும் அடித்தாகி, ஜனங்கள் பெயரை ஓரத்திலும் முதுகிலும் எழுதி, குமாஸ்தாக்கள் திண்டாடி, கடைசியில் அத்தனையும் பழைய காகிதமாய்ப் போயிற்று. பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? எழுத்துக் கோத்த என் மேல்! பாரத்தை எழுதிக் கொடுத்த அதிகாரியை யாரும் கேட்கவில்லை. அதை நிரப்பப் போகிற ஜனங்களில் ஒருவரிடமாவது முன்னதாய்க் காட்டிப் பார்த்தார்களா என்றும் கேட்கவில்லை. நான் கோத்தது அவர் எழுதிக் கொடுத்தபடிதான். அவர் எழுதியது அவர் மேசையில் தோன்றினபடி. இடையில் யோசிக்கிற பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. அந்தப் பொறுப்பில்லாத இடத்துக்கு ஆள் தயாரிப்பதுதான் நீங்கள் கேட்கிற படிப்பு.

நிற்க, இந்த வேலையைப் படிப்பென்று பெயர் வைப்பதற்கு முன்னமே செய்து காட்டின ஒருவருடைய சங்கதியைச் சற்று விரிவாய்ச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் பிராங்க் பிக் என்று ஒருவர் இருந்தார். 1878ல் பிறந்தவர். அவர் சித்திரக்காரருமல்ல, கட்டடச் சிற்பியுமல்ல. சட்டம் படித்து 1902ல் சொலிசிட்டராகத் தேறினவர். 1906ல் லண்டன் சுரங்க ரயில் கம்பெனிக்கு வந்து, 1908ல் விளம்பர வேலையை ஏற்றுக் கொண்டார். அக்காலத்தில் ஸ்டேஷன் சுவர் முழுதும் சோப்பு, கொக்கோ விளம்பரம். வண்டி நின்றால் எந்த ஸ்டேஷன் என்று பிரயாணிக்குக் கண்டுபிடிக்க முடியாது. விளம்பரத்துக்குத் தனியிடம் ஒதுக்கி, ஸ்டேஷன் பெயரைச் சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப்பட்டையில் போடும் வழக்கம் அப்போது ஏற்பட்டதுதான்.

பெயர்ப்பலகையின் எழுத்தும் விளம்பர எழுத்தைப் போலவே இருந்தால் குழப்பம் தீராதென்று கண்டு, எட்வர்டு ஜான்ஸ்டன் என்கிற எழுத்துக் கலைஞரை 1913ல் அழைத்துப் பேசி, அந்தக் கம்பெனிக்கென்றே தனி எழுத்து வரைவித்தார். அது 1916ல் உபயோகத்துக்கு வந்தது. சார்லஸ் ஹோல்டன் என்கிற கட்டட நிபுணரைக் கூட்டிக் கொண்டு 1930ல் ஐரோப்பாவின் வட தேசங்களுக்குப் போய் அங்குள்ள புதுக் கட்டடங்களைப் பார்த்து வந்து, புது ஸ்டேஷன்களைக் கட்டுவித்தார். ஆசனத்து மெத்தைத் துணி முதற்கொண்டு அவர் கவனத்துக்குத் தப்பவில்லை. ஸ்டேஷன் ஸ்டேஷனாய்ப் போய்க் குறை கண்டு, பச்சை மையில் குறிப்பெழுதி அனுப்புவாராம். 1933ல் லண்டன் போக்குவரத்தெல்லாம் ஒரே போர்டின் கீழ் வந்தபோது அதன் தலைமை நிர்வாகியானார். இவ்வளவு செய்தவர் தன் கையால் ஒரு கோடு கூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். எது வேண்டும், யாரால் முடியும், வந்தது சரியா என்பதைத் தீர்மானித்ததே அவர் வேலை. சர் பட்டமும் பிரபுப் பட்டமும் கொடுக்க வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். நம் நாட்டில் ராவ் பகதூர் பட்டத்துக்கு வாசலில் காத்துக் கிடந்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் அதே ஸ்தாபனத்தில் நடந்த இன்னொரு சங்கதியையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். ஹாரி பெக் என்று ஒரு படவரைவாளர், சிக்னல் பகுதியில் நிரந்தரமில்லாத வேலையில் இருந்தவர். சுரங்க ரயில் வரைபடம் அப்போது நிலப்படத்தின் மேலேயே போடப்பட்டதால், நகரத்து நடுவில் ஸ்டேஷன்கள் நெருங்கி எறும்புப் புற்றுப் போலிருக்கும். பெக் யோசித்தார்: பூமிக்குள் போகிறவனுக்கு மேலே எந்தத் தெரு வளைகிறது என்பதைப் பற்றி என்ன? எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பதுதானே வேண்டும்? மின்சாரக் கம்பிப் படம் போல் கோடுகளையெல்லாம் நேராகவும் சாய்வாகவும் மட்டும் போட்டு, ஸ்டேஷன்களை ஏறக்குறையச் சம தூரத்தில் வைத்து, தேம்ஸ் நதியை மாத்திரம் அடையாளத்துக்கு விட்டு, 1931ல் தன் ஓய்வு நேரத்தில் ஒரு படம் வரைந்தார். விளம்பர இலாகா அதை முதலில் தள்ளிவிட்டது. வழக்கத்துக்கு மாறாயிருக்கிறதென்பதுதான் காரணம். மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் 1933 ஜனவரியில் பொதுஜனங்களுக்கு அச்சாயிற்று. ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ நகரத்து ரயில் படங்கள் அந்த மாதிரிதான்.

அவருக்குக் கிடைத்ததோ சொற்பத் தொகை. பல வருஷ காலம் அந்தப் படத்தைத் திருத்தி வளர்த்து வந்தார். 1960ல் அவருக்குத் தெரியாமலே வேறொருவர் செய்த படம் வெளிவந்து, அவர் பெயரும் எடுபட்டுவிட்டது. அவர் எழுதி எழுதிக் கேட்டும் நியாயம் கிடைக்காமல் 1974ல் இறந்தார். பிறகு வெகுகாலம் கழித்துத்தான் படத்தின் மூலையில் அவர் பெயர் ஏறிற்று. பிக் 1941லேயே இறந்துவிட்டபடியால் இந்தப் பழியை அவர் மேல் போட நான் வரவில்லை. ஆனால் வடிவமைப்பு நிர்வாகம் என்று ஒரு படிப்பு இருந்து, அதில் உழைத்தவன் பெயரை யார் காப்பது, உரிமை யாருக்கு, ஒப்பந்தம் எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்தப் படிப்பு முதலாளிக்கு மாத்திரமே பயன்படும். நல்ல பள்ளிகளில் பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக்குறி முதலிய சட்டங்களையும் சேர்த்துத்தான் நடத்துகிறார்கள். பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது நீங்கள் இதை முதலில் தேடுங்கள்.

படிப்பு எப்படி வந்ததென்றால், ஜெர்மனியில் 1907ல் ஏ.இ.ஜி. என்கிற மின்சாரக் கம்பெனி பீட்டர் பெரன்ஸ் என்பவரை அமர்த்தி, விளக்கு, கெட்டில், விளம்பரம், தொழிற்சாலைக் கட்டடம் வரை ஒரே கண்ணோட்டத்தில் செய்வித்தது. 1966ல் மைக்கேல் பார் என்பவர் இங்கிலாந்தில் இந்தப் பெயராலேயே ஒரு புத்தகம் எழுதினார். 1975ல் அமெரிக்காவில் பாஸ்டனில் இதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. 1976 முதல் லண்டன் வியாபாரப் பள்ளியில் பீட்டர் கார்ப் என்பவர் நிர்வாகம் படிக்க வந்தவர்களுக்கு இதைக் கற்பிக்கத் தொடங்கினார்.

இந்தக் கார்ப் என்பவரும் ஏஞ்சலா டூமாஸ் என்கிற அம்மையாரும் 1987ல் எழுதிய ஒரு கட்டுரையை நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டும். கம்பெனிகளுக்குள் போய்ப் பார்த்ததில், வடிவமைப்பாளர் என்ற பெயரே இல்லாத எத்தனையோ பேர் வடிவமைப்பு வேலையைச் செய்துகொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். அதற்கு மௌன வடிவமைப்பு என்று பெயரிட்டார்கள். மேஸ்திரி, கிட்டங்கிக் குமாஸ்தா, பாரம் எழுதுகிறவர் எல்லோரும் தங்களுக்குத் தெரியாமலே சாமானின் வடிவத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பது அதன் கருத்து. தோழர்களே! நம் தச்சரும் தறிக்காரரும் குயவரும் செய்வது வேறென்ன? 1958ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கிற அமெரிக்கத் தம்பதிகள் இந்திய சர்க்காருக்குக் கொடுத்த அறிக்கையில், நம் வீட்டுச் செம்பைத்தான் மிகச் சிறந்த வடிவமைப்பென்று புகழ்ந்தார்கள். இடுப்பில் வைக்க, தலையில் வைக்க, ஊற்ற, துலக்க, பிடிக்க என்று எத்தனை யோசனை அதில் அடங்கியிருக்கிறதென்று கணக்குப் போட்டார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் ஏற்பட்டது. செம்பை உருவாக்கின கைகளுக்கு நம் சமூகம் கொடுத்த இடமோ திண்ணைக்குக் கீழே! யோசிப்பவன் ஒரு ஜாதி, செய்பவன் ஒரு ஜாதி என்று பிரித்து வைத்த நாட்டில், இரண்டையும் சேர்த்துப் படிப்பது சும்மா பட்டத்துக்காக மாத்திரம் என்று நான் நினைக்கவில்லை.

இதெல்லாம் பிறவி ஞானம், படித்து வராது என்பார்கள் சிலர். பூர்வ ஜன்ம வாசனை என்றும் சொல்லுவார்கள். பிக் என்கிற வக்கீலுக்கு எந்த ஜன்மத்து வாசனை? பார்த்தார், கேட்டார், தப்பைத் திருத்தினார், அவ்வளவுதான். வேறு சிலரோ பட்டத்தை விபூதி மாதிரி எண்ணி, பூசிக் கொண்டால் போதும் சம்பளம் உயரும் என்கிறார்கள். நான் பார்த்தவரையில் இந்த இரண்டு கட்சியாரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களல்ல.

இனி, வேலையிலிருப்பவர் படிப்பது எப்படி என்பது. நியூயார்க் புரூக்ளினில் சார்லஸ் பிராட் என்கிற எண்ணெய் வியாபாரி, தனக்குப் படிப்பு வாய்க்காத குறையால், ஆண் பெண், நிறம் என்கிற பேதமில்லாமல் உழைக்கிற ஜனங்கள் படிக்க 1887ல் ஒரு பள்ளி வைத்தார். 12 பேரோடு ஒரு சித்திர வகுப்பில் தொடங்கிற்று. அந்தப் பிராட் நிலையம்தான் பிற்காலத்தில் வேலையை விடாதவர்களுக்கென்று, வார முடிவு நாட்களில் வகுப்பு வைத்து, இந்த வடிவமைப்பு நிர்வாக மேல்பட்டத்தை ஏற்படுத்திற்று. கணக்கு, பணவிஷயம், சட்டம், பேரம் பேசுவது, ஆட்களை நடத்துவது, தொழிலின் நீண்டகால யோசனை எல்லாம் அதில் உண்டு. வரைவதைக் கற்றுக் கொடுக்கிற படிப்பு அதுவல்ல. வரைகிறவர்களோடும் பணம் போடுகிறவர்களோடும் இரு பக்கத்துப் பாஷையும் பேசத் தெரிவிக்கிற படிப்பு.

வேலையிலிருப்பவனுக்கு இதில் ஒரு லாபமுண்டு. வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை தன் ஆபீசிலேயே பரீட்சை பார்க்கலாம். இருபது வயதில் கேட்டால் வெறும் வார்த்தையாயிருப்பது, ஒரு பத்தாயிரம் பாரம் பாழாய்ப் போனதைக் கண்ணால் கண்டவனுக்கு வேறு மாதிரிக் கேட்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: முதலாளி சம்பளத்தில் ஒரு பகுதியாவது இதற்குத் தருவாரா? தந்தால், படித்த பிறகு இத்தனை வருஷம் போகக்கூடாதென்று பத்திரம் வாங்குவாரா? பாடம் நடத்துகிறவர்கள் தொழிலில் இருந்தவர்களா? முன்பு படித்து வெளியேறியவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? பள்ளிக்காரர் அச்சடித்த புத்தகத்தைப் பாராமல், அந்த ஆட்களையே தேடிப் போய்க் கேளுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிப்பதானால், பட்டம் இல்லாமலே இதே வேலையை உங்கள் ஆபீசில் கேட்டு வாங்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள். பிக் அப்படித்தான் வாங்கினார்.

கடைசியாக, மணமான ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீங்கள் வகுப்புக்குப் போனால், உங்கள் வீட்டு அடுப்பும் குழந்தையும் யார் தலையில் விழும்? நீங்கள் பட்டம் வாங்க அந்த அம்மாள் இரண்டு வருஷம் ஓய்வில்லாமல் உழைக்க வேண்டும். அந்தக் கூலி பள்ளிக்கூடத்துக் கட்டணக் கணக்கில் வராது. சரி, உங்கள் மனைவி படிக்க விரும்பினால்? என்னைக் கேட்ட இரண்டு பெண் தோழர்களில் ஒருவர் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருஷம் மாதிரிகளைச் சரிபார்க்கிறவர். அவர் மேல் அதிகாரியாய் வந்த பையனுக்கு இந்தப் பட்டம் இருக்கிறதாம், துணி தெரியாதாம். அவர் படிக்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை சோறு யார் வடிப்பதென்று அவர் வீட்டுக்காரர் கேட்கிறாராம். அவரும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பதாய்க் கேள்வி. அவர் விரும்பினால் எழுந்து பதில் சொல்லட்டும், மற்றவர்களும் தங்கள் சந்தேகங்களைக் கேட்கட்டும். எனக்கு எட்டு மணி ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.