போதை விட்டபின் உடம்பைத் தேற்றுதல்

(சீகிரியாவில் நடைபெற்ற வாலிபர் முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைக் கேட்டிருந்தார்கள். பயிற்சியின் பெருமையைப் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று மாலை ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்து, "ஐயா, எங்கள் அண்ணா தூள் பாவித்தவர். விட்டு மூன்று கிழமையாகிறது. அடுத்த முறை அவரையும் கூட்டிவந்து இந்த மலையில் ஏற்றலாமா? உடம்பு தேறினால் மனமும் தேறிவிடும்தானே?" என்று கேட்டார். இக்கேள்வி அவர் ஒருவருடையது மாத்திரமன்று. இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரில் சிலருக்கும் இது நெஞ்சில் இருக்கக்கூடும். ஆகையால் இதற்கே மறுமொழி சொல்கிறேன். நான் வைத்தியனல்லன், தேகப்பயிற்சி ஆசிரியனாயிருந்து இளைப்பாறியவன். வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று கிழமையான உடம்பு எத்தகையது என்று முதலில் அறிய வேண்டும். ஹெரோயினை நிறுத்தியவருக்கு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் அவஸ்தை தொடங்கும். வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம், கால் உளைவு, நித்திரையின்மை என்று 4 முதல் 10 நாள் வரை அது வாட்டும். அது அடங்கியதும் வீட்டார் "சுகம் வந்துவிட்டது" என்கிறார்கள். வந்தது சுகமன்று, ஓய்வு. களைப்பும் நித்திரைக் குறைவும் இன்னும் பல கிழமை இருக்கும். ஐஸ் பாவித்தவரின் நிலை வேறு. அவர் முதல் நாட்களில் விழுந்து விழுந்து உறங்குவார், பசியெடுத்து உண்பார். ஆனால் எதிலும் இன்பம் தோன்றாத சோர்வு அவரைப் பிடித்துக்கொள்ளும். மதுவையும் நித்திரைக் குளிசைகளையும் நெடுநாள் பாவித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களை வீட்டறையில் பூட்டிவைத்துத் திருத்த முயல்வது பெரும் பிழை. அது வைத்தியசாலையில் செய்யவேண்டிய காரியம்.

இனி மலைக்கு வருவோம். இந்தக் கல் சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயரம். படிகள் ஏறக்குறைய 1,200. நம் நாட்டில் ஹெரோயினைப் பெரும்பாலும் ஊசியால் ஏற்றுவதில்லை, புகையாக இழுக்கிறார்கள். அதனால் நெஞ்சு பழுதுபட்டிருக்கலாம். ஐஸ் இருதயத்தைத் தாக்குவது. ஆகவே அண்ணாவை முதலில் ஏற்றவேண்டிய படி ஆஸ்பத்திரிப் படி. நெஞ்சு, இருதயம், இரத்த அழுத்தம், ஈரல், பல் ஆகிய இவற்றைப் பார்த்து வைத்தியர் சம்மதித்தபின் சமதரையில் நடக்கத் தொடங்கலாம். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். கூட நடப்பவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், இரண்டு மாதமளவில் நாளுக்கு அரை மணி நேரம் நடக்கும் பலம் வரும். கிழமையில் 5 நாள் அப்படி நடந்தால் 150 நிமிடம். வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு அதுதான். அதன்பின் ஒருநாள் அதிகாலையில் இங்கே அழைத்து வாருங்கள். சிங்கப் பாதம் வரை ஏறி இறங்கினாலும் குறைவில்லை. 5ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டிய காசியப்பனே அவ்விடத்தில் ஒரு பெரிய முற்றம் விட்டிருக்கிறான். அரசனுக்கும் மூச்சு வாங்கியிருக்கும் போலும்!

ஆர்வ மிகுதியால் முதல் மாதத்திலேயே பாரம் தூக்கச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறினால் நோவு வரும். நோவு வந்தால் குளிசை தேடும் மனம் வரும். பழைய வழி அங்கேதான் திறக்கும். சுளுக்கோ பல்வலியோ எதுவானாலும், தமது பழைய பழக்கத்தை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லியே மருந்து வாங்க வேண்டும். தசை பருக்கவைக்கும் ஊசி, மா வகைகள் பக்கமே போகலாகாது.

ஆகாரத்தைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மெலிந்த பிள்ளையைக் கண்டதும் நெய்யும் பலகாரமுமாகத் திணிக்க வேண்டாம். பழகாத வயிறு தாங்காது. சிவப்பரிசிக் கஞ்சி, இலைக்கஞ்சி, அவித்த பயறு, உழுந்து, கீரை, பப்பாசிப்பழம், உண்பவராயின் முட்டை, மீன் என்று சிறுகச் சிறுக, நாளுக்கு ஐந்து ஆறு முறை கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். மாலைக்குப்பின் தேநீர், கோப்பி வேண்டாம். நித்திரை இல்லாத இரவு மறுநாள் ஆசையை வளர்க்கும்.

விரதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை திருந்தினால் கந்தசஷ்டி ஆறு நாளும் அவன் உபவாசமிருப்பான் என்று நேர்ந்துகொள்ளும் அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். பசியும் தாகமும் களைப்பும் பழைய ஆசையைத் தட்டியெழுப்புபவை. முதல் மாதங்களில் அந்த விரதத்தை அம்மாவே பிடிக்கட்டும். பிள்ளை நேரத்துக்கு உண்டுவிட்டுக் கோயில் வீதியைக் கூட்டட்டும். மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றனவே, அங்கே வெயிலில் நாள் முழுதும் வடம் பிடிக்க வேண்டாம். நிழலுள்ள இடத்தில் சிறிது தூரம் கை கொடுத்தால் போதும்.

உடம்பு தேறினால் மனமும் தேறுமா? ஓரளவு தேறும். ஐஸ் பாவித்து விடுதிச் சிகிச்சையில் இருந்த 135 பேரைக் கொண்டு அமெரிக்காவில் கலிபோர்னிய சர்வகலாசாலையார் 8 கிழமை ஆராய்ந்தார்கள். கிழமைக்கு 3 நாள் பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆனால் வீடு திரும்பியபின் மீண்டும் விழாமல் காத்ததோ, முன்பு குறைவாகப் பாவித்தவர்களை மாத்திரமே. மிகுதியாகப் பாவித்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதவில்லை. மூளையில் ஐஸ் செய்த சேதத்தில் ஒரு பங்கு ஆறுவதற்கே ஓராண்டுக்கு மேல் செல்லும் என்று வேறோர் ஆராய்ச்சி காட்டியது. கன்னம் பருப்பதற்கு மூன்று மாதம் போதும். இந்த இரண்டு கணக்கும் ஒத்துவராத இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. இதை எல்லோரும் கேட்க வேண்டும். ஹெரோயினுக்குப் பழகிய உடம்பு பெரிய அளவையும் தாங்கும். சில கிழமை விட்டிருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆள் தேறி, நிறங்கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிமிர்ந்து நடக்கும் காலத்தில் ஒருமுறை தவறிப் பழைய அளவையே எடுத்தால், மூச்சு நின்று இறந்துபோகலாம். மறியலிலிருந்தும் சிகிச்சை நிலையத்திலிருந்தும் வெளிவந்த முதற் கிழமைகள் இதனால்தான் மிகவும் பயங்கரமானவை. அழைத்தும் எழும்பாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள், அது இலவசம். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மானம் போகுமென்று கதவைச் சாத்தாதீர்கள். இதையெல்லாம் அண்ணாவிடமும் நேராகச் சொல்லலாம். சொன்னால் ஆசை வந்துவிடும் என்பது வீண் பயம்.

உதவிக்கு எங்கே போவது? 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சிகிச்சை நிலையங்களை நடத்துகிறது. மாத்தளையாருக்குக் கிட்டியது கண்டி. 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பும் இடங்களும் உண்டு. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலகம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வெருட்டி ஓடவைப்பதைப் பயிற்சியென்று நான் ஒப்பமாட்டேன். தண்டனையாக ஓடியவன், விட்டவுடன் முதலில் விடுவது ஓட்டத்தைத்தான்.

சங்கம் செய்யக்கூடியது சிறு காரியம்; ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியது. பழைய கூட்டாளிகள் சந்தியில் கூடும் மாலை வேளையே இவர்களுக்குக் கடினமான வேளை. அந்நேரத்தில் நம் கரப்பந்து மைதானம் திறந்திருக்க வேண்டும். "இவர் திருந்தியவர்" என்று மேடையேற்றி மாலை போடாதீர்கள். வராத நாளில் இருவர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். திரும்ப விழுந்துவிட்டார் என்று அறிந்தால் பெயரை வெட்டாதீர்கள். மறுபடி வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், மறுபடி 10 நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஆடவேண்டுமென்றில்லை. வலை கட்டவும், பந்து எடுத்துப் போடவும், புள்ளி எழுதவும் ஆள் வேண்டும்தானே.