நோயாளி திரும்பிப் போகும் வீடு



தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே மலேசியாவில் சிரிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டால்கூட ஒருவரையொருவர் இங்கேதான் அனுப்பிவைப்பார்கள். ஆனால் 1911இல் மனநல மருத்துவமனையை இங்கே திறந்தவர்களின் எண்ணம் சிரிப்புக்குரியதன்று. நகரச் சந்தடிக்கு வெளியே 500 ஏக்கருக்கு மேல் நிலம். நோயாளிகளுக்குத் தோட்ட வேலை. நல்ல மருந்துகள் வராத காலத்தில் இடத்தையே மருந்தாக நம்பினார்கள். பிறகு அதே இடத்தில் 4,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கூடத்துக்குள் நெருக்கடி என்றால் வெளியே எத்தனை ஏக்கர் கிடந்தென்ன?

இடத்துக்கும் மனத்துக்கும் உள்ள உறவை நம் தமிழர்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டங்களிலும் பார்க்கலாம். அங்கிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. ரப்பர் ஆலையின் நாற்றமும் பொதுக் கழிவறையும் கள்ளுக்கடையும் நமக்குத் தெரியாதவையா? ஆனால் ஒருவர் இரண்டு நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வராவிட்டால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வாசலில் வந்து நிற்பார். வீட்டு முன்புற அஞ்சடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் பாட்டி திடீரென்று வாய் மூடிவிட்டால், நாலு வீட்டுக்குத் தெரிந்து, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசரிடம் ஆள் போகும். இன்று நம்மை இங்கே கூட்டியிருக்கும் அறக்கட்டளை யார் நினைவில் அமைந்ததோ, அந்தப் பெரியவர் அப்படியொரு டிரசர். பாதி நோயை அக்கம்பக்கத்தார்தாம் கண்டுபிடித்துத் தந்தார்கள் என்பாராம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. நம்மவர்கள் புறம்போக்கு வீடுகளுக்கும், அங்கிருந்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். 650 சதுர அடி, மூன்று அறை. மின்தூக்கி பழுதானால் அந்தப் பாட்டி வாரக்கணக்கில் கீழே இறங்குவதில்லை. கதவுக்கு முன்னால் இரும்புக் கிராதி, அதற்கும் ஒரு பூட்டு. பக்கத்து வீட்டுப் பையன் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று யாருக்குத் தெரியும்? இரவெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம் வேறு.

புகைமூட்டம் வந்தால் சன்னலும் அடைபடும். 2013இல் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டி, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். நுண்துகள் மாசுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நாம் இருமலுக்கு மட்டும் மருந்து கேட்கிறோம்.

2015ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் தென்பட்டது. 1996இல் அது 10.7. கோலாலம்பூரில் 39.8 விழுக்காடு. நகரம்தான் குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சபா, லாபுவான் அதற்கும் மேலே, 42.9. வறுமையும் மனத்தை வாட்டும்; அதற்கு நகரம், கிராமம் என்ற பாகுபாடு கிடையாது. ஆனாலும் நகரத்தை முழுக்க விடுவிக்கவும் முடியாது. 2011இல் ஜெர்மனியில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி, மன நெருக்கடியின்போது நகரவாசிகளிடம் கூடுதலாக இயங்கியது. அதற்கும் முன்பே, 1984இல், ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவர் பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியிருந்தார்கள்.

எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதே என் கேள்வி. மருந்துப்பையோடு இந்தத் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையிலிருந்து வெளியேறுகிறவர் பழைய கிராதிக்குப் பின்னால்தான் போய் உட்காருகிறார். 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சமூக மனநல மையங்களுக்கு இடம் தருகிறது. அங்கே மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பவர்கள், மின்தூக்கி ஓடுகிறதா, பேச ஆள் இருக்கிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பு ஊராட்சி மன்றத்தின் மேசைக்கும் போக வேண்டும். மின்தூக்கியைப் பழுதுபார்க்க மருத்துவரால் முடியாது.